மாணவர் பேருந்தில் ஓர் அரைமணி

பள்ளி விட்ட நேரம், புதுச்சேரியின் பாகூர் நிறுத்தத்தில் மாணவர் பேருந்துக்கான கூட்டம்; அழுத கண்ணோடு நின்ற சின்னப் பையனின் புத்தகப்பையை ஒரு பெரிய வகுப்பு அண்ணன் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான், ஏன் என்று கேட்கவே இல்லை. ஒரு ரூபாய்ச் சீட்டில் ஓடி, பிறகு இலவசமான இந்த வண்டியை நாம் போக்குவரத்துக் கணக்கில் மட்டும் எழுதுகிறோம். வீட்டுக் கண்ணும் வாத்தியார் கண்ணும் படாத அந்த அரைமணியில்தான் யாரை நம்புவது, யாரிடம் மனசைத் திறப்பது என்று பிள்ளைகள் பழகுகிறார்கள். சகவாசத்தை நினைத்துப் பெற்றோர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு: 2005இல் உளவியலாளர்கள் கார்ட்னரும் ஸ்டீன்பெர்க்கும் வெளியிட்ட ஆய்வில், தோழர்கள் பார்த்திருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் கணினிக் கார் விளையாட்டில் தனியே ஆடிய அதே வயதினரைவிட அதிகம் துணிந்து ஆபத்தில் இறங்கினார்கள், 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. தோழர் பார்வைக்கு இத்தனை வலு என்றால், பை சுமந்த அண்ணனைப் பார்த்த பத்துப் பேரிடமும் அது நல்ல வழியில் வேலை செய்யும்தானே? பத்தாம் வகுப்பு வந்ததுமே சிநேகிதத்தை வெட்டி, தனி வேனில் டியூஷனுக்கு ஏற்றிவிடும் வீடுகள் வில்லியனூர்ப் பக்கமும் பெருகுகின்றன. அந்த வேனில் வரும் பிள்ளை தன் முதல் தோல்வியை யாரிடம் போய்ச் சொல்லும்?