பனித்தளத்தில் ஓர் இணை, மேட்டாங்காட்டில் ஓர் இணை

தமிழ் மரபு பெரும்பொழுதை ஆறாகப் பகுத்தபோது அவற்றுள் இரண்டைப் பனிக்கு ஒதுக்கியது. ஆயினும் முன்பனியும் பின்பனியும் நமக்குப் புல் நுனியில் நிற்கும் நீர்த்திவலைகள்தாம். ஏரி முழுவதும் உறைந்து பாறையாகும் பருவத்தை நாம் கண்டதில்லை. பனியன் தைத்து உலகுக்கு அனுப்பும் திருப்பூர் வட்டாரத்தில், அவிநாசிபாளையத்தில் இருந்துகொண்டு, பனிக்கட்டியின் மீது மோட்டார் சைக்கிள் ஓட்டும் பன்னாட்டு அணிப் போட்டியைப் பற்றி எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் அந்தப் போட்டி நம் ஊர்ச் சாலையைக் குறித்தும் சிலவற்றைச் சொல்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

முதலில் போட்டியைப் பற்றி. பனித்தளப் பந்தயத்தில் தனிநபர் உலகப் பட்டம் 1966இலும் அணிகளுக்கான உலகப் பட்டம் 1979இலும் தொடங்கின. நீள்வட்டத் தடத்தில் நால்வர் ஒரே நேரத்தில் புறப்பட்டு நான்கு சுற்றுகள் ஓடுவர். சக்கரங்களில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் நீளமுள்ள எஃகு முட்கள் நூற்றுக்கணக்கில் பதிக்கப்பட்டிருக்கும். அவை பனியைக் கவ்விக்கொள்வதால் வளைவில் வண்டி இடப்புறம் படுத்தேவிடும். கைப்பிடி தளத்தை உரசுவதுபோல் செல்லும். வண்டிக்குப் பிரேக் கிடையாது. ஊஃபா நகரத்தின் கப்த்ரக்மான் காதிரவ் ஆறு முறை தனிநபர் பட்டம் வென்றார். நிகலாய் கிராஸ்னிகவ் 2005 முதல் 2012 வரை தொடர்ந்து எட்டு முறை வென்றார். அணிப் பட்டமும் பெரும்பாலான ஆண்டுகளில் சோவியத் ஒன்றியத்துக்கும் பின்னர் ரஷ்யாவுக்குமே சென்றது; மேற்கு ஜெர்மனியும் ஸ்வீடனும் இடையிடையே அதைக் கைப்பற்றின. உக்ரைன் போரை அடுத்து 2022இல் பன்னாட்டுச் சம்மேளனம் ரஷ்ய வீரர்களை விலக்கி வைத்தது.

நம் கவனத்தை ஈர்ப்பது அணிப் போட்டியின் இயல்பு. ஒரு நாட்டின் வீரர் இருவர் இணைந்து ஓடுகையில் இருவர் பெறும் புள்ளிகளும் நாட்டின் கணக்கிலேயே சேர்கின்றன. முன்னால் செல்பவன் தான் வென்றால் போதும் என்று பறந்துவிட முடியாது. பின்னால் வரும் தோழன் எந்த இடத்தில் இருக்கிறான் என்பதையும் அவன் கருத வேண்டியிருக்கிறது. தனியனின் வேகத்தைக் கூட்டத்தின் பொறுப்பு வழிநடத்துகிறது.

கொங்கு நாட்டாருக்கு இது புதிய செய்தியன்று. இவ்வட்டாரத்து ரேக்ளா பந்தயத்தில் 200 மீட்டர், 300 மீட்டர் எனத் தூரம் பிரித்து, ஒவ்வொரு வண்டியாக ஓடவிட்டுக் கடிகாரத்தால் அளக்கிறார்கள். பூட்டிய காளைகளில் ஒன்று எவ்வளவு விரைந்தாலும் மற்றது பின்தங்கினால் வண்டி கோணி நேரம் போய்விடும். ஆதலால் காளை வாங்குபவர் வேகத்தை மட்டும் பாராமல் இணை பொருந்துமா என்றும் பார்க்கிறார். 2014இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் தடைபட்ட இவ்விளையாட்டுகள் 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தால் மீண்டன. 2023இல் அரசியல் சாசன அமர்வு அச்சட்டத்தை உறுதி செய்தது. காளைகளின் ஓட்டத்துக்கு இடமும் விதியும் மேற்பார்வையும் வேண்டும் என்பதை அரசும் மக்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் அந்தக் கனிவு கிட்டவில்லை. பனியன் கம்பெனியில் முதல் சம்பளம் வாங்கிய இளைஞன் தவணையில் வண்டி எடுக்கிறான். தாராபுரம் சாலையில் ஞாயிறு விடியலில் நண்பனோடு பந்தயம் கட்டுகிறான். மாநில அரசின் எழுத்துவழி இசைவின்றிப் பொது இடத்தில் இவ்வாறு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவின்படி குற்றம். 2019இல் அபராதமும் உயர்த்தப்பட்டது. இருந்தும் 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அவர்கள் எல்லோரும் பந்தயத்தில் மாண்டவர் அல்லர். எனினும் நம் வகுப்பில் ஓர் இருக்கை வெறுமையாகும்போது அந்த எண்ணிக்கையின் கனம் நமக்குப் புரிகிறது.

பனித்தளத்தில் பிரேக் இல்லாத வண்டி ஓடுகிறது. அங்கும் எலும்பு முறிகிறது. ஆனால் எதிரே லாரி வருவதில்லை, பள்ளிக்கூடப் பிள்ளை குறுக்கே வருவதில்லை, எல்லோரும் ஒரே திசையில் செல்கிறார்கள், தலைக்கவசமின்றி ஒருவனையும் விடுவதில்லை, தடத்தின் ஓரத்தில் வைக்கோல் கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் சாலையில் பிரேக் உண்டு, மற்றவை இல்லை.

நம்மிடம் தடமே இல்லை என்று சொல்வதற்கில்லை. போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்றில்தான் சோழவரம் பந்தயங்கள் பல்லாண்டுகள் நடந்தன. 1990இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது. கரிவரதன் பெயரால் கோவை செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட தடம் இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். ஆயினும் அங்கே பந்தயம் ஓட்டுவதற்கான செலவு தையல் தொழிலாளிக்கு எட்டாதது. உறைந்த ஏரியை வடநாட்டினருக்குக் குளிர்காலம் இலவசமாகத் தந்தது. பந்தயம் அங்கே வேர்விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். நமக்குக் கோடை தருவது தரிசாகக் கிடக்கும் மேட்டாங்காடு.

அறுவடை முடிந்த காட்டில் ஒரு மண் தடம், சுற்றிலும் சோளத்தட்டுக் கட்டுகள், ஒரு ஆம்புலன்ஸ், உரிமம் உள்ளவர்க்கு மட்டும் அனுமதி, ஊருக்கு இருவர் கொண்ட அணி: இவ்வளவு போதும் தொடங்குவதற்கு. இது வேகவெறியை வளர்க்கும் என்று சிலர் அஞ்சுவர். அவ்வெறி ஏற்கெனவே வளர்ந்துதான் இருக்கிறது. இப்போது அது ஓடும் இடம் நாமும் நம் பிள்ளைகளும் நடந்து செல்லும் சாலை. ரேக்ளா நடத்தத் தெரிந்த விழாக் குழுக்களே இதையும் நடத்த இயலும். அரசின் எழுத்துவழி இசைவுக்கு இடமளிக்கும் சட்டப் பிரிவும் இருக்கவே இருக்கிறது. கேட்பதற்கு ஊர் முன்வர வேண்டும்.