காற்றைப் படித்த ஊரின் விழாக்கள்

தைப்பொங்கலன்று பின்னேரம் இலங்கையின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது. கப்பலும் விமானமும் பறவையுமாக முப்பரிமாணப் பட்டங்கள் வாடைக்காற்றில் எழும்பி நிற்கும். மறுநாள் படங்கள் உலகமெங்கும் பரவும். வெளியார் அறிந்த பட்டத் திருவிழா அந்த ஒரு நாள்தான்.

ஊரவருக்கோ அது மாதக்கணக்கில் நீளும் வேலை. மூங்கில் சீவி, கட்டு இறுக்கி, பட்டத்தைக் கயிற்றோடு பிணைக்கும் முச்சையைச் சரிபார்க்க வேண்டும். முச்சை சற்றே பிசகினாலும் பட்டம் தலைகுத்தி விழும். காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் விண் பூட்டிய பட்டமோ இரவிரவாகக் கூவும். இந்தக் கைப்பழக்கம் பாய்க்கப்பல் கட்டிய ஊருக்கு இயல்பானது. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி அம்மாள் என்ற பாய்க்கப்பல் 1938இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. காற்றைப் பார்த்துப் பாய் விரித்தவர்களின் சந்ததி இன்று அதே காற்றுக்குப் பட்டம் கட்டுகிறது.

சித்திரைப் பௌர்ணமியில் முத்துமாரியம்மன் கோயில் தீர்த்தத்தையொட்டி இந்திர விழா வரும். தெருவெல்லாம் மின்விளக்கு, வானில் கடதாசியால் ஒட்டி, சூடான புகை நிரப்பி ஏற்றிய புகைக்குண்டுகள். விழா நாளைக் குறிப்பது நிலவுதான். ஆனால் வாடை ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் வலுக்குமுன் காற்று தணிந்திருக்கும் இடைக்காலம் அது. மெல்லிய கடதாசிக் குண்டு கிழியாமல் மேலேற அந்த அமைதி வேண்டும். வாடையில் அதை ஏற்ற முடியாது. சித்திரையில் பெரும்பட்டம் எழும்பாது.

இந்தியாவின் அகமதாபாத்திலும் பொங்கலை ஒட்டியே பட்டம் விடுகிறார்கள். அங்கே மற்றவர் நூலை அறுப்பதே வெற்றி. அப்படி அறுக்கப் பயன்படும் செயற்கை மாஞ்சா நூலை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடைசெய்ய வேண்டியிருந்தது. வல்வெட்டித்துறையின் போட்டி படைப்புத் திறனில் நடப்பது. அறுப்பதற்கு இங்கே வேலையில்லை. இது பெரிய பெருமை.

ஆபத்தில்லை என்று சொல்லிவிட முடியாது. 2021 டிசம்பரில் அருகிலுள்ள பருத்தித்துறைப் பகுதியில் ஒரு பெரும்பட்டம் கயிற்றைப் பிடித்திருந்த இளைஞரையே வானுக்குத் தூக்கிச் சென்றது. நல்லவேளை, உயிர் பிழைத்தார். எந்தக் காற்றுக்கு எந்தக் கயிறு, எத்தனை பேர் என்ற அறிவு மூத்தவர்களிடம் இருக்கிறது. அது இளையவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஆகவே சுற்றுலாத் துறை பொங்கல் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் மட்டும் செலவழிப்பது போதாது. மார்கழி தொடங்கியே பட்டம் கட்டும் முற்றங்களுக்கு வெளியூராரை அழைத்துப் போகலாம். கட்டுபவருக்கு மூங்கில் செலவையாவது கொடுக்கலாம். வல்வெட்டித்துறையும் அடங்கிய வடமராட்சியின் பள்ளிகளில் மூத்த கைவினைஞர் ஒருவர் வாரம் ஒரு பின்னேரம் முச்சை கட்டக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யலாம். அடுத்த வாடைக்கே இதைத் தொடங்கிவிடலாம்.