பெயர் மாறுவதும் பொருள் மாறுவதும்

லினக்ஸ் கர்னல் நிலைகுலைந்த கணத்தில் சேமிக்கப்படும் நினைவகப் பதிவைப் பிரித்துப் படிக்க உதவுவது 'கிராஷ்' என்னும் கருவி. கர்னலின் நினைவக ஒதுக்கி மாறும்போதெல்லாம் இக்கருவியைத் திருத்தியாக வேண்டும். அத்திருத்தத்தை வெறும் பராமரிப்பு என ஒதுக்கி, ஆய்வுக் கணக்கில் சேர்க்க மறுக்கும் போக்கு கல்விப்புலத்தில் வலுவாக உள்ளது. அது பிழையான மதிப்பீடு.

2022இல் வெளிவந்த 5.17 பதிப்பில், அதுவரை 'பேஜ்' கட்டமைப்புக்குள் இருந்த ஒதுக்கியின் புலங்கள் 'ஸ்லாப்' என்னும் தனிக் கட்டமைப்புக்குப் பிரிக்கப்பட்டன. நினைவகத்தில் பைட்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பெயர் மட்டுமே மாறியது. பழைய பெயரைத் தேடிய கருவி, அதைக் காணாமல் பிழை கூறி நின்றது. இது நேர்மையான தோல்வி.

2020இன் 5.7 பதிப்பில் நிகழ்ந்ததோ வேறு. பாதுகாப்புக்காக, காலியிடப் பட்டியலின் முகவரிகள் ஒரு சமவாய்ப்பு எண்ணோடும், அவை இருக்கும் இடத்தின் முகவரியோடும் கலந்து மறைத்து வைக்கப்படுகின்றன. அப்பதிப்பு முதல், இட முகவரியின் பைட் வரிசையைத் திருப்பிய பின்னரே கலக்கிறார்கள். பெயர் மாறவில்லை, பொருள் மாறியது. பழைய வாய்பாட்டைக் கொண்டு படித்தால் நலமாக உள்ள நினைவகமும் சிதைந்ததாகத் தோன்றும். ஆய்வாளர் இல்லாத பிழையைத் தேடி அலைவார். சொல்வரலாறு அறிந்தோருக்கு இவ்விடர் புதிதன்று.

பதிப்பெண்ணைப் பார்த்து வாய்பாட்டைத் தேர்ந்தால் போதாதா? போதாது. விநியோக நிறுவனங்கள் புதிய மாற்றங்களைப் பழைய எண்ணுள்ள கர்னலிலும் புகுத்துகின்றன. ஆகவே எக்ஸ்86 கணினிகளில் கர்னலின் இயந்திர நிரலையே பிரித்து, பைட் திருப்பும் கட்டளை உண்டா என நோக்கி முடிவுசெய்யும் வழி கருவியில் சேர்க்கப்பட்டது. சுவடியின் எழுத்தமைதி கொண்டு அதன் காலத்தைக் கணிக்கும் பதிப்பாசிரியரின் வேலையிலிருந்து இது எவ்வகையில் தாழ்ந்தது?

கர்னலின் உள்ளமைப்பு நிலையானதாக இருக்கும் என்று எவரும் வாக்களிக்கவில்லை, வாக்களிக்கவும் கூடாது. 6.8 பதிப்பில் பழைய ஸ்லாப் ஒதுக்கியே நீக்கப்பட்டு, ஸ்லப் மட்டும் எஞ்சியது. ஆனால் பழைய பதிவுகளைப் படிக்க வேண்டிய கருவி எதையும் மறக்க இயலாது. 'டிராகன்' போன்ற புதிய கருவிகள் எழுதுவதை எளிதாக்கலாம். பொருள் மாற்றத்தை அவற்றுக்கும் ஒருவர் கற்பித்தே ஆக வேண்டும்.

அந்த ஒருவர் முனைவர் பட்ட மாணவராயின், சோதித்து ஏற்கப்பட்ட அவரது திருத்தத்தையும் அதன் விளக்கத்தையும் ஆய்வேட்டின் ஓர் இயலாக ஏற்பதற்குத் துறைகளுக்கு என்ன தடை?