கச்சத்தீவு போதும்... நெடுந்தீவைப் பற்றிப் பேசுவோமா?

தேர்தல் வந்தால் நம்ம ஊரில் இரண்டு விஷயம் தவறாமல் வரும். ஒன்று ஆரத்தித் தட்டு, இன்னொன்று கச்சத்தீவு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் டெல்லியிலிருந்தே அதைக் கிளப்பினார்கள். 2025 ஏப்ரலில் நம் சட்டசபையில் மீட்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். 1974ல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது முதல்வராக இருந்தவர் வாழ்ந்த வீடு எங்கள் கோபாலபுரத்தில்தான் இருக்கிறது. அதனால் இங்கே டீக்கடையில் இந்தச் சண்டைக்குச் சூடு கொஞ்சம் அதிகம் :-)

அந்தக் கச்சத்தீவு எவ்வளவு பெரிசு? 285 ஏக்கர். நல்ல தண்ணீர் கிடையாது, ஊர் கிடையாது. ஒரு அந்தோணியார் கோயில், வருஷத்துக்கு ஒரு திருவிழா. இலங்கையின் நிர்வாகக் கணக்கில் அது நெடுந்தீவுப் பிரிவைச் சேர்ந்தது. அந்த நெடுந்தீவில்தான் ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஆளில்லாத தீவுக்கு ஐம்பது வருஷமாய் ஒப்பாரி, ஆளிருக்கும் தீவுக்கு மௌனம். என்ன கணக்கு இது?

நம் பேப்பர்களில் நெடுந்தீவு எப்படி வரும்? "நெடுந்தீவு அருகே மீன்பிடித்த மீனவர்கள் கைது." அவ்வளவுதான். ஏதோ கடலில் நட்டுவைத்த மைல்கல் மாதிரி! அது சுமார் 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு ஊர் ஐயா. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறினால் ஒரு மணி நேரம் போல ஆகும். டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத் தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது, நயினாதீவு ஹார்லெம் ஆனது. அதெல்லாம் உதிர்ந்துவிட்டது. நெடுந்தீவுக்கு மட்டும் 'டெல்ஃப்ட்' என்ற பெயர் ஆங்கிலத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சாந்து பூசாமல் பவளப்பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகள், பனைகள், ஒரு பழைய கோட்டை, பிரமாண்டமான பெருக்க மரம், ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த காட்டுக் குதிரைகள். கோடையில் தண்ணீர் இல்லாமல் குதிரைகளும் சாகும், மனுஷர்களும் திண்டாடுவார்கள்.

படகுதான் அவர்களுக்கு பஸ், ஆம்புலன்ஸ், எல்லாம். 1985 மே 15 அன்று அப்படிப் போன 'குமுதினி' படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள் குழந்தைகள் உட்பட 20 பேருக்கு மேல் வெட்டிக் கொன்றார்கள். உயிர் தப்பியவர்கள் கடற்படையினரைத்தான் குற்றம் சாட்டினார்கள். அந்த மக்கள் இன்றும் வருஷா வருஷம் அந்த நாளை அனுசரிக்கிறார்கள். ஈழத்துக்காக உண்ணாவிரதம் இருந்த நம் ஊர்க் கல்லூரிகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

டெல்லி இன்னும் மோசம். 2021ல் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றாலை, சூரிய மின்சாரத் திட்டத்தைச் சீனக் கம்பெனிக்குக் கொடுக்க இலங்கை முடிவு செய்தது. உடனே நமக்குத் தூக்கம் போய்விட்டது. எதிர்ப்புத் தெரிவித்து, 2022ல் அதே திட்டத்தை இந்திய உதவியாக மாற்றினார்கள். உதவி நல்லதுதான். ஆனால் அங்கே டீசல் ஜெனரேட்டரை நம்பித்தான் கரண்ட் இருந்தது என்பது அதற்கு முன்பு கண்ணில் படவே இல்லையே! சீனாக்காரன் வந்தால்தான் தமிழன் தெரிவானா?

இனி கசப்பான விஷயம். நெடுந்தீவு மீனவர்களிடம் இருப்பது பெரும்பாலும் சின்னப் படகுகளும் வலைகளும். போர் முடிந்து 2009க்குப் பிறகுதான் கடல் அவர்களுக்கு மெல்லத் திறந்தது. இறங்கிப் பார்த்தால், நம் பக்கத்து இழுவைப் படகுகள் அடித்தரையோடு வாரிக்கொண்டு போகின்றன, அவர்கள் வலையையும் அறுத்துக்கொண்டு. இழுவை மடியை இலங்கை 2017ல் சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. லாபத்தைத் தான் வைத்துக்கொண்டு செலவை அடுத்தவன் தலையில் கட்டுவதற்குப் பொருளாதாரப் பாடத்தில் 'எக்ஸ்டர்னாலிட்டி' என்று பெயர். தமிழில் அதற்கு வேறு பெயர் உண்டு, நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

"நம் மீனவனைச் சுடுகிறானே, அதைக் கேட்க மாட்டாயா?" என்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். சுடுவதும் அடிப்பதும் அக்கிரமம், அதற்கு எந்தச் சமாதானமும் இல்லை. ஜெயிலுக்குப் போகிறவன் பெரும்பாலும் கூலிக்குப் போனவன், படகு முதலாளி கரையில் இருக்கிறார். 1960களிலிருந்து மானியம் கொடுத்து இழுவைப் படகை வளர்த்ததே நம் அரசுதான். அதை மாற்ற 2017ல் 2000 ஆழ்கடல் சூரைப் படகுகள் என்று திட்டம் போட்டார்கள். இலக்கின் பக்கத்தில்கூடப் போகவில்லை.

ஒன்று யோசியுங்கள். நாளைக்கே கச்சத்தீவு கைக்கு வந்தாலும், கைது நடக்கும் இடம் அதற்கும் அப்பால், நெடுந்தீவுக் கரைக்குப் பக்கத்தில். அந்தக் கரையையும் மீட்கப் போகிறோமா? யாரிடமிருந்து, அங்கே குடியிருக்கும் தமிழர்களிடமிருந்தா?

தீவை மீட்பது கோஷம். இழுவை மடியை நிறுத்தி, அந்தக் கூலி மீனவனுக்கு மாற்றுத் தொழில் கொடுப்பது வேலை. 'தொப்புள்கொடி உறவு' என்று மேடையில் முழங்குகிறவர்கள் முதலில் அந்த உறவின் வலையை அறுக்காமல் இருக்கட்டும்.