புகையில் ஆறுமா மனக்காயம்?

நுகேகொடையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடைகளில் வேலை செய்யும் மலையக இளைஞர்கள் நமது பிள்ளைகள். விடியுமுன் எழும்பி, இரவு கடை பூட்டும்வரை நின்று, பலர் அந்தக் கடையிலேயே படுக்கிறார்கள். தூக்கம் வராத இரவில் யாரோ நீட்டும் கஞ்சா அவர்களுக்கு மருந்தாகத் தெரிகிறது. "பிள்ளை கெட்டுப்போனான்" என்று லயத்தில் பேசி முடித்துவிடுகிறோம். ஏன் என்று கேட்பதில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை. 2025 நவம்பரில் டித்வா புயலில் மலையகம் மறுபடியும் சரிந்தது. வீடும் காணியும் கேட்டோம், இனியும் கேட்போம். ஆனால், மழை இரைந்தாலே நெஞ்சு படபடக்கும் பிள்ளைக்காக நாம் என்ன கேட்டோம்?

கஞ்சா அந்தப் பயத்தைச் சற்று நேரம் மங்கச் செய்யும். நாளாந்தம் பழகியபின் நிறுத்தினால் பதற்றமும் எரிச்சலும் கெட்ட கனவும் திரும்பி வரும். அதை அடக்க மறுபடியும் கஞ்சா. கடனை அடைக்கக் கடன் வாங்கும் கதைதான் இது. அளவு கூடினால் அதுவே பயத்தையும் சந்தேகத்தையும் கிளப்பும். சிறுவயதில் தொடங்கி அதிகம் புகைப்பவர்களுக்கு மனநோய் வரும் ஆபத்தும் கூடுகிறது.

பொலிஸ் நடவடிக்கை மட்டும் இதைத் தீர்க்காது. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் பல்லாயிரம் பேர் கைதானார்கள். அதை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு 2024 ஜனவரியில் ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் கேட்டார்கள். விற்பவனை நாம் காப்பாற்றச் சொல்லவில்லை. ஆனால், மனம் உடைந்து புகைத்தவனுக்குச் சிறையும் வேலையிழப்பும் இன்னொரு காயம்.

ஆகவே நாம் கேட்பது இவை. தோட்ட வைத்தியசாலைகளில் தமிழில் உளவள ஆலோசனை வேண்டும். அனர்த்தம் நடந்த தோட்டங்களுக்கு அது முதலில் கிடைக்க வேண்டும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் சொல்லும் நாளுக்கு 8 மணித்தியால வேலையும் வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறையும் கொழும்புக் கடைகளில் நடைமுறையாக வேண்டும். ஓய்வில்லாதவனிடம் "புகைக்காதே" என்று மட்டும் சொல்வதில் பயனில்லை.

தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு பிள்ளை வந்தால் விரட்டாதீர்கள். உட்கார வைத்துப் பேசுங்கள். மனநல உதவிக்கு 1926, போதைப்பழக்கத்திலிருந்து மீள 1927 என்ற இலக்கங்களை எழுதிக் கமிட்டி அறையில் ஒட்டுங்கள். சம்பளத்துக்காக ஒன்றாக நின்ற நாம், நம் பிள்ளைகளின் மனதுக்காகவும் ஒன்றாக நிற்போம்.