ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?

வயிறு எரிஞ்சுதான் எழுதறேன். வயித்து வலின்னு எங்கம்மாவை மதுக்கரையிலிருந்து கோயமுத்தூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். வெள்ளையாக் கெட்டியா பேரியம் குடிக்க வெச்சு, எக்ஸ்ரே எடுத்து, "முடிஞ்சுது, போலாம்"னாங்க. பஞ்சுக்குக்கூடப் பில் போடத் தெரிஞ்சவங்களுக்கு, "நிறையத் தண்ணி குடிங்க, மலமிளக்கி சாப்பிடுங்க"ன்னு ஒரு சீட்டு எழுத முடியலையா? "ஏனுங்கம்மா, மலச்சிக்கல் உண்டுங்களா?"ன்னு கேட்க ஒரு நாதியில்லையா?

பேரியம் சல்ஃபேட் உடம்புல கரையாது. பெருங்குடல் அதிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சிட்டா இறுகிப்போகும். வயசானவங்களுக்கும் மலச்சிக்கல்காரங்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். சிமெண்ட் ஆலை ஊர்க்காரங்க நாங்க. சிமெண்ட் தண்ணி சேர்ந்தா இறுகும், இது தண்ணி வத்துனா இறுகும்னு சொல்லியிருந்தா, கைநாட்டு வெக்கிற எங்கம்மாவுக்கும் புரிஞ்சிருக்குமே!

வயிறு கல்லா உப்பி, வாந்தியோட திரும்பிப் போனா, "குடல் அடைச்சிருக்கு. ஆபரேஷன்தான். முதல்ல பணத்தைக் கட்டுங்க." வேற வழி இருக்கான்னு கேட்டதுக்குப் பதிலே இல்லை. அம்மா தாலிக்கொடியைக் கழட்டப் போயிட்டாங்க.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். டாக்டரம்மா வயித்தை அமுக்கிப் பார்த்து, படம் எடுத்து, குடல்ல ஓட்டை விழலைன்னு உறுதி பண்ணிக்கிட்டாங்க. குளுக்கோஸ் ஏத்தி, எனிமா கொடுத்தாங்க. அதுக்கும் அசையாததைக் கையுறை மாட்டின விரலாலயே உடைச்சு எடுத்தாங்க. சுண்ணாம்புக் கட்டியா வந்து விழுந்துது. கத்தி படவே இல்லை.

குடல் கிழிஞ்சு பேரியம் வயித்துக்குள்ள கசிஞ்சா, அறுத்துத்தான் ஆகணும். அதை நான் மறுக்கலை. அறுக்காமத் தீர வழியிருந்தும் எங்ககிட்ட மறைச்சதைத்தான் கேட்கறேன். பலன், ஆபத்து, மாற்று வழி எல்லாத்தையும் நோயாளிக்குப் போதுமான அளவு சொல்லித்தான் சம்மதம் வாங்கணும்னு 2008-லயே சமீரா கோலி வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியாச்சு. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரிச்ச நோயாளிகள் உரிமைச் சாசனத்துல, முதல் உரிமையே தகவல் பெறும் உரிமைதான். ஏழைக்கு மட்டும் அது கிடையாதா?

உங்க வீட்டுப் பெரியவங்களுக்குப் பேரியம் கொடுத்தா, அப்புறம் என்ன பண்ணணும்னு எழுதி வாங்குங்க. வயிறு உப்பினாலோ, வெளிக்குப் போகலைன்னாலோ உடனே ஓடுங்க. ஆபரேஷன்னு சொன்னா, "வேற வழி இல்லைங்களா?"ன்னு கேளுங்க. பதில் வராம எந்தக் காகிதத்திலும் கைநாட்டு வெக்காதீங்க.