பூவா, தலையா, இன்னொரு தரமா?

மூன்று காசுகளோடு ஐ-சிங் பார்க்க உட்காருகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? பிடித்த பதில் வரும்வரை எழுந்திருக்க மாட்டார்கள்.

முறை சிம்பிள். மூன்று காசையும் சேர்த்து ஆறு தடவை போட வேண்டும். தலைக்கு 3, பூவுக்கு 2 என்று கூட்டினால் 6, 7, 8, 9-ல் ஒன்று வரும். 7 முழுக்கோடு, 8 உடைந்த கோடு. இரண்டும் சமர்த்தாக அப்படியே இருக்கும். 9 வந்தால் முழுக்கோடு உடையும். 6 வந்தால் உடைந்தது ஒட்டிக்கொள்ளும். ஆறு கோடு சேர்ந்தால் ஒரு படம். மொத்தம் 64 படங்கள். கோடு மாறினால் கையில் இரண்டாவது படம்.

வில்லங்கமே இங்கேதான். முதல் படம் திட்டினால், 'அது இன்றைய நிலைமை சார், இரண்டாவதுதான் எதிர்காலம்' என்பார்கள். அதுவும் திட்டினால், மாறிய கோடுகளின் வாசகங்களில் இனிப்பாக ஒன்றைத் தேடுவார்கள். ஒரு கோடுகூட மாறாமலிருக்க நூற்றுக்குச் சுமார் 18 வாய்ப்புதான். ஆகவே சமாளிப்புக்குப் பஞ்சமே இல்லை.

12-ம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற அறிஞர் இதற்குச் சட்டமே எழுதி வைத்தார். ஒரு கோடு மாறினால் அந்த வாசகம் மட்டும். இரண்டென்றால் மேல்கோட்டுக்கு முதலிடம். மூன்றென்றால் இரண்டு படங்களின் பொது வாசகம். இப்படி ஆறுவரை.

'இதெல்லாம் உள்ளுணர்வு, சட்டம் போட முடியாது' என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. சதி செய்ததற்காக லூ நாட்டு அரசி மூ ஜியாங்கைக் கிழக்கு அரண்மனையில் அடைத்தார்கள். குறி பார்த்ததில் ஐந்து கோடுகள் மாறி 'பின்தொடர்தல்' என்ற படம் வந்தது. 'சீக்கிரம் வெளியேறிவிடுவீர்கள்' என்றார் குறிசொல்பவர். அரசி மறுத்துவிட்டாள். 'இந்த வாசகம் நற்குணம் உள்ளவர்களுக்குத்தான். என்னிடம் ஏது? நான் இங்கேயேதான் சாவேன்.' கி.மு. 564-ல் அங்கேயே இறந்தாள் என்கிறது 'ஸோ ஜுவான்' என்ற வரலாற்று நூல்.

அவளும் உள்ளுணர்வால்தான் படித்தாள். ஆனால் தன் ஆசைக்கு எதிராக!

எதைப் படிப்பது என்று முதலில் எழுதி வையுங்கள், அப்புறம் காசு போடுங்கள். ஒரே தரம். முடியாதென்றால் அந்தக் காசுக்கு டீயாவது குடிக்கலாம்.